காதால் பார்த்த கதை மேடைக்கு வந்தபோது

கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ, ஒலிபெருக்கிக் குழாயைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டால் போதும். பாட்டுக்கு நடுவே கட்டாயம் ஒரு கதை வசன இசைத்தட்டும் சுழலும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனத்தையும் 'திருவிளையாடல்' வசனத்தையும் படம் பார்க்காமலேயே மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள். லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு வெள்ளைத் திரை தேவைப்படவில்லை. சிவாஜி கணேசனின் குரல் காதில் விழுந்தது. மீசை துடித்ததும் வாள் மின்னியதும் அவரவர் மனத்துக்குள்ளேயே நடந்தன.

இப்படிக் காதால் பார்த்த ஒரு கதை, பல ஆண்டுகள் கழித்துக் கண்ணெதிரே மேடையேறினால் எப்படி இருக்கும்? மனத்தில் நாம் கட்டி வைத்த கோட்டை நிலைக்குமா, இடிந்து விழுமா? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக அரங்கங்களுக்குப் போனார்கள். அவர்கள் நேசித்த இசைத்தட்டின் பெயர் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. உலகங்களின் போர் என்று நாம் சொல்லலாம்.

இசைத்தட்டு பிறந்த கதை

கதை எச். ஜி. வெல்ஸ் எழுதியது. 1898இல் புத்தகமாக வந்தது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த உயிர்கள், லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்ற ஊரை அடுத்த ஹார்செல் பொட்டல்வெளியில் இறங்குகின்றன. மூன்று கால்களில் நடக்கும் இராட்சத இயந்திரங்களில் ஏறிக்கொண்டு, வெப்பக் கதிரால் ஊரையும் உயிரையும் பொசுக்குகின்றன. உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த பிரிட்டன், தன் வீட்டு வாசலிலேயே தோற்று ஓடுகிறது. டாஸ்மேனியத் தீவின் பழங்குடி மக்களுக்கு ஐரோப்பியர் இழைத்த கொடுமையை முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் நினைவூட்டிவிடுகிறார். நாம் பிறருக்குச் செய்தது நமக்கே நேர்ந்தால் என்னாகும் என்பதே அவர் தம் நாட்டாரிடம் கேட்ட கேள்வி.

இந்தக் கதையை இசையாக்கியவர் ஜெஃப் வேய்ன். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்தவர். விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டவர். டேவிட் எஸ்ஸெக்ஸ் என்ற பாடகரின் பாடல்களைத் தயாரித்தவர். அவருடைய தந்தை ஜெர்ரி வேய்ன் மேடை நடிகர், பாடகர். மகன் கையில் வெல்ஸின் புத்தகத்தைக் கொடுத்தவர் அவர்தான். வேய்ன் குடும்பத்தைச் சேர்ந்த டோரீன் வேய்ன் கதையை இசைக்கேற்பச் சுருக்கி எழுதினார். கேரி ஆஸ்பர்ன் பாட்டெழுதினார். 1978 ஜூன் மாதம் இரட்டை இசைத்தட்டாக அது வெளிவந்தது. நான்கு பக்கங்களையும் கேட்டு முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும்.

தனித்தனிப் பாட்டாக எடுத்துக் கேட்பதற்கல்ல அது. முதல் பக்கத்தில் ஊசியை வைத்தால் நான்காம் பக்கம் முடியும்வரை ஒரே கதை. கதை சொல்லும் பத்திரிகைக்காரராகக் குரல் கொடுத்தவர் ரிச்சர்ட் பர்ட்டன். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் பதின்மூன்று பிள்ளைகளில் பன்னிரண்டாவது பிள்ளை அவர். சுரங்கத்துக்குப் போயிருக்க வேண்டியவர், குரலின் பலத்தால் உலகப் புகழ் பெற்றார். போர் தொடங்குமுன் நிலவும் அமைதியை அவர் விவரிக்கும்போதே கேட்பவருக்குக் கை மயிர் சிலிர்த்துவிடும். பத்திரிகைக்காரரின் மனக்குரலாக ஜஸ்டின் ஹேவர்ட் பாடினார். பீரங்கிப்படை வீரனாக டேவிட் எஸ்ஸெக்ஸ், மனம் பேதலித்த பாதிரியாராக ஃபில் லைனாட், அவர் மனைவியாக ஜூலி கோவிங்டன் பாடினார்கள்.

பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இந்த இசைத்தட்டு 290 வாரங்களுக்கும் மேலாக இடம்பெற்றது. வாரக் கணக்கை ஆண்டுக் கணக்காக்கிப் பாருங்கள், ஐந்தரை ஆண்டு!

இருட்டறையில் ஒரு சிறுவன்

1978இல் பதின்மூன்று வயதான ஓர் ஆங்கிலச் சிறுவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பையன்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அண்ணனுடைய தட்டையோ அப்பாவுடைய தட்டையோ எடுத்துப் போடுகிறான். விளக்கை அணைத்துவிடுகிறான். காதுகளில் ஒலிக்கருவியை மாட்டிக்கொள்கிறான். கையில் தட்டோடு வந்த ஓவியப் புத்தகம் மட்டும். உறையின் மேல் மைக் டிரிம் வரைந்த படம்: நடுக்கடலில் 'தண்டர் சைல்ட்' என்ற போர்க்கப்பல், எதிரே மூன்று கால் இயந்திரம்.

மற்றதெல்லாம் அவன் மனமே வரைந்துகொண்டது. குழியில் விழுந்த உருளையின் மூடி திருகித் திறக்கும் ஓசை கேட்டால், போர்வைக்குள் கால் தானாகச் சுருங்கும். செவ்வாய்க்காரர்களின் 'உல்லா' என்ற ஓலம் கேட்டால், மாடிப்படியில் யாரோ ஏறி வருவதாகத் தோன்றும். அந்த இயந்திரத்துக்கு அவன் கொடுத்த உயரம், நிறம், நடை எல்லாம் அவனுக்கு மட்டுமே சொந்தம். அடுத்த வீட்டுப் பையன் கேட்டது அதே தட்டுத்தான். ஆனால் அவன் மனத்தில் நடந்தது வேறொரு இயந்திரம்.

அந்தச் சிறுவன் 2006இல் நாற்பத்தொரு வயதுக் குடும்பஸ்தன். அவனுக்கே பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம். அப்போதுதான் அறிவிப்பு வந்தது: ஜெஃப் வேய்ன் தம் இசைத்தட்டை முதன்முறையாக முழுமையாக மேடையேற்றப் போகிறார்!

சந்தோஷம் பாதி, பயம் பாதி. குழந்தைப் பருவத்தில் நம்மை மயக்கிய ஒன்றை மறுபடி பார்க்கப் போவது சாதாரணக் காரியமா? அட்டையையும் தகரத்தையும் ஒட்டிக் கேலிக்கூத்து ஆக்கிவிடுவார்களோ என்ற கவலை. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. கதை சொன்ன ரிச்சர்ட் பர்ட்டன் 1984இலேயே காலமாகிவிட்டார். பாதிரியாராகப் பாடிய ஃபில் லைனாட் 1986இல் மறைந்தார். உயிரான குரல் இல்லாமல் உடலை மட்டும் மேடையேற்றுவதா?

திரை விலகியது

மேடையில் கண்ட காட்சியைப் பார்த்தவர்கள் விவரிக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஒரு பக்கம் கித்தார், டிரம் முதலியவை அடங்கிய ராக் இசைக்குழு. மறுபக்கம் வயலின் வகை வாத்தியங்களின் பெரிய அணி. நடுவே, சபைக்கு முதுகு காட்டியபடி ஜெஃப் வேய்ன் நின்று இரண்டு அணிகளையும் நடத்துகிறார். பின்னால் நூறு அடி அகலத்துக்கு ஓர் அசையும்படத் திரை. பாடுகிறவர்கள் வேடம் தரித்து முன்னே வந்து நடித்துப் பாடுகிறார்கள்.

திரையில் ஓடும் படமும் பதிவு செய்த கதைக்குரலும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டா. ஆகையால் உயிரோடு வாசிக்கிறவர்கள்தாம் அவற்றோடு நொடி பிசகாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். வாத்தியக்காரர் ஒருவர் அரை நொடி முந்தினாலோ பிந்தினாலோ பர்ட்டன் பேசி முடிக்குமுன் பாட்டு தொடங்கிவிடும், அல்லது தொடங்க வேண்டிய இடத்தில் வெறுமை விழும். மேடையில் உள்ளவர்களில் வீட்டில் தட்டைக் கேட்டே வளர்ந்த இளைஞர்களும் உண்டு. 1978இல் அந்தத் தட்டிலேயே வாசித்தவர்களும் உண்டு. பேஸ் கித்தார் வாசித்த ஹெர்பி ஃபிளவர்ஸ் 2006இலும் அதே கித்தாரிசையோடு மேடையில் இருந்தார். ஜஸ்டின் ஹேவர்டும், போர்க்கப்பல் பாட்டைப் பாடிய கிறிஸ் தாம்சனும் இருபத்தெட்டு ஆண்டு கழித்துத் தங்கள் பாட்டைத் தாங்களே பாட வந்தார்கள்.

இயந்திரமும் தலையும்

முதல் பாதியிலேயே அந்த இராட்சதன் வந்துவிடுகிறான். முப்பத்தைந்து அடி உயரம், மூன்று டன் எடை கொண்ட மூன்று கால் போர் இயந்திரம் மேலிருந்து மெதுவாக மேடையில் இறங்குகிறது. அதன் தலை திரும்புகிறது. கண்கள் சபையைத் தேடுகின்றன. பிறகு உண்மையான நெருப்பையே கக்குகிறது! முன்வரிசைக்காரர்களுக்கு முகத்தில் சூடு அடிக்கும். பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள், அப்பாக்களோ பிள்ளைகளாகிவிடுவார்கள்.

ஆனாலும் இதில் ரசிகர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. இயந்திரத்தைக் கண்டு கைதட்டியவர்களிலும் பலர், வீட்டுக்குப் போன பிறகு தங்கள் மனத்தில் நடந்த இயந்திரம் இதைவிடப் பெரியது என்று ஒப்புக்கொள்கிறார்கள். முப்பத்தைந்து அடி அரங்கத்துக்குப் பெரிதுதான். பதின்மூன்று வயதுப் பையனின் இருட்டறைக்கு அது போதாது. அசையும்படத் திரையைப் பற்றியும் இருவேறு கருத்து உண்டு. அழகு என்பாரும் உண்டு. படம் காட்டும்போது மனம் வேலை செய்ய மறந்துவிடுகிறது என்பாரும் உண்டு.

பர்ட்டன் விஷயம் இன்னும் நுட்பமானது. அவருடைய பழைய ஒலிப்பதிவையே பயன்படுத்தினார்கள். அவர் சாயலில் பெரியதொரு தலை மேடையோரம் தொங்கியது. கணினி வித்தையால் அதன்மேல் முகம் விழுந்து, கண் சிமிட்டி, உதடசைத்துப் பேசியது. சிலருக்கு அது கண்கலங்க வைத்த காட்சி. போனவர் திரும்பி வந்து தம் வேலையை முடித்துக் கொடுக்கிறார் என்று அவர்கள் எண்ணினார்கள். வேறு சிலருக்கு உடம்பில்லாத அந்தத் தலை மனத்தை உறுத்தியது. அவர்கள் செய்த காரியம் எளியது: கண்ணை மூடிக்கொண்டார்கள்! காசு கொடுத்து அரங்குக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, பதின்மூன்று வயதில் கேட்டதுபோலவே கேட்டார்கள். தொடக்க உரையைப் பர்ட்டன் பேசும்போது வரிசை வரிசையாக உதடுகள் அசைந்தன. அத்தனை பேருக்கும் அது மனப்பாடம்.

இலை உதிர்ந்த வேளை

இவ்வளவு நெருப்பும் புகையும் இருக்க, ரசிகர்கள் மனத்தில் நெடுநாள் தங்குவது எது தெரியுமா? நெருப்பே இல்லாத ஓர் இடம்.

லண்டன் நகரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்திரிகைக்காரர் தம் காதலி கேரியைத் தேடிப் போகிறார். வீடு வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே வருவது 'ஃபாரெவர் ஆட்டம்' என்ற பாட்டு. கோடை போய், இலை உதிர்ந்து, அவளும் போய்விட்டாள் என்ற ஏக்கம். இந்த மெட்டின் பூர்வீகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். 1969இல் குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளின் விளம்பரத்துக்காக ஜெஃப் வேய்ன் போட்ட மெட்டு அது! பிறகு பாட்டாகி, 1978இல் ஜஸ்டின் ஹேவர்டின் குரலில் பிரிட்டன் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை போனது.

2006இல் ஹேவர்டின் தலை நரைத்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் நரைத்திருந்தது. 1978இல் அவர்களுக்கு இது யாரோ ஒரு கதாநாயகனின் பிரிவுத் துயரம். இப்போதோ சபையில் இருந்தவர்களில் அம்மாவை இழந்தவர், மனைவியைப் பறிகொடுத்தவர், அந்தத் தட்டை வாங்கித் தந்த அண்ணனை அடக்கம் செய்தவர் என்று எத்தனையோ பேர். பாட்டு மாறவில்லை, கேட்பவர் வாழ்க்கைதான் அதற்குப் பொருள் சேர்த்திருந்தது. பிற்காலத்து நிகழ்ச்சிகளில் இந்தப் பாட்டின்போது மேலிருந்து பழுப்பு இலைகள் சபையின்மேல் உதிர விட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அவற்றைப் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

இதை அடுத்து வருவது போர்க்கப்பலின் பாட்டு. மக்களை ஏற்றிய நீராவிக் கப்பல் தப்பிச் செல்வதற்காக, 'தண்டர் சைல்ட்' தான் ஒன்றாக நின்று செவ்வாய்க்காரரின் இயந்திரங்களை எதிர்த்து மூழ்குகிறது. முதல் இசைத்தட்டும் இதோடு முடிகிறது. மேடையில் முதல் பாதியும் இதோடு முடிகிறது. அந்தச் சிறுவயது உறைப் படம் கண்ணெதிரே அசைவதைப் பார்த்த கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்ததில் வியப்பென்ன? இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு ஒருவருக்கொருவர் முன்பின் அறியாதவர்கள் பேசிக்கொள்கிறார்கள். எந்த வயதில் முதலில் கேட்டாய், எந்த இடத்தில் பயந்தாய் என்பதே அவர்கள் பேச்சு.

குரல் மாறியது, குறையும் வந்தது

நிகழ்ச்சி ஒரு தடவையோடு நிற்கவில்லை. 2007இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போனது. 2012இல் வேய்ன் தம் இசைத்தட்டையே புதிய பாடகர்களோடு மறுபடி பதிவு செய்தார். கதை சொல்லும் பொறுப்பு நடிகர் லியாம் நீசனுக்குப் போயிற்று. தொங்கும் தலைக்குப் பதிலாக, முழு உருவமாக அவர் மேடையில் தோன்றும்படி ஒளி வித்தை செய்தார்கள்.

நீசனும் நல்ல நடிகர்தான். ஆனால் முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? நம் ஊரில் பழைய பாட்டை வேறொருவர் பாடினால், "நல்லாத்தான் பாடுறாரு, ஆனா..." என்று இழுப்போமே, அந்த 'ஆனா' இங்கிலாந்திலும் உண்டு. பர்ட்டனின் குரலில் இருந்த நிலக்கரிக் கனம் இதில் இல்லை என்பது பழைய ரசிகர்களின் குறை. நீசன் குரலில் முதன்முதலாகக் கதை கேட்ட பிள்ளைகளுக்கோ அதுவே மூலம். இன்னும் முப்பது ஆண்டு கழித்து வேறொருவர் வந்தால், இந்தப் பிள்ளைகளும் முணுமுணுப்பார்கள்.

2014இல் அரங்கங்களில் இதுவே கடைசிச் சுற்று என்று அறிவித்தார்கள். கடையில் 'கடைசி மலிவு விற்பனை' என்று எழுதிய பலகையை நாம் பார்த்ததில்லையா? 2016இல் லண்டன் டொமினியன் நாடகக் கொட்டகையில் நடந்தது. அதில் டேவிட் எஸ்ஸெக்ஸே வந்து நடித்தார். 2018இல் நாற்பதாம் ஆண்டு நிறைவென்று அரங்கங்களுக்கே திரும்பினார்கள். கொரோனாக் காலத்தால் தள்ளிப்போன சுற்று 2022இல் நடந்தது. 2025இலும் நடந்தது. கடைசி என்ற சொல்லை ரசிகர்கள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

2022இல் பார்த்தவர்களுக்குக் கதையின் முடிவு புதிதாகக் கேட்டிருக்கும். பீரங்கியாலும் கப்பலாலும் வெல்ல முடியாத செவ்வாய்க்காரர்களைக் கடைசியில் வீழ்த்துவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். மனிதன் தலைமுறை தலைமுறையாகக் கிருமிக்குப் பலியாகிப் பலியாகிப் பெற்ற எதிர்ப்புச் சக்தி, வேற்றுக் கிரகத்தாருக்கு இல்லை. 1898இல் வெல்ஸ் எழுதிய இந்த முடிவை, முகமூடியணிந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு வந்த கூட்டம் கேட்டது. அந்தச் சக்திக்குக் கொடுத்த விலை என்ன என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோட்டை இடிந்ததா?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மனத்தில் கட்டிய கோட்டை, மேடையைக் கண்டதும் இடிந்ததா?

இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. மேடையில் இயந்திரம் சிறிதாகிவிட்டதாக நினைத்தவர்களும் மறுமுறை வந்தார்கள். காட்சி அவர்களுக்கு இரண்டாம் பட்சம். இருட்டறையில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்ட ஒன்றை, ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்பதுதான் அவர்கள் தேடி வந்த சுகம். தன் ஒருவனுடைய பயம் என்று நினைத்தது பக்கத்து நாற்காலிக்காரரின் பயமாகவும் இருந்ததை அன்றுதான் கண்டுகொண்டார்கள். 1978இல் பதின்மூன்று வயதாயிருந்த அந்தச் சிறுவனுக்கு 2025இல் அறுபது வயது. அன்று பக்கத்தில் உட்கார்ந்த மகனுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும்; பேரப்பிள்ளையும் வந்திருக்கலாம். 'உல்லா' என்ற ஓலம் எழும்போது தாத்தா பேரனின் கையைப் பிடித்துக்கொள்கிறார். பயந்தது யார் என்பது அவர்கள் இருவருக்குமே தெரியும்.

நமக்கு இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் ஆண்டு தொடக்கத்தில் பால்மரங்கள் பழுத்து, ஒரு காற்றுக்குத் தோட்டம் முழுதும் சருகு கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டின் சோகம் மொழி தெரியாமலே புரியும். அரங்கத்தில் உதிர்ந்த காகித இலையைப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தியிருக்கும் அந்த ரசிகரையும் புரியும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கதை வசனத் தட்டோ ஒலிநாடாவோ தூசி படிந்து கிடக்கலாம். கருவி கிடைத்தால் ஒருநாள் இரவு போட்டுப் பாருங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.